புரோகிராமிங் முதல் பருவம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் முதல் முறையாக புரோகிராமிங் பாடம் எடுத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிலருக்கு சி மொழி, சிலருக்கு பைதான். எந்த மொழிக்கு எந்தப் பதில் என்பதைத் தேவைப்படும் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: வகுப்பில் ஆசிரியர் எழுதிக் காட்டும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் முதல் வரிகூட வரவில்லை. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது?
- முதலாண்டு மாணவி

பதில்: எழுதி வைத்த புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை. ஒன்றுமில்லாத இடத்தில் எழுதுவது வேறொரு திறமை. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சித்திரமும் கைப்பழக்கம்தான், ஆனால் கை எதைப் பழகுகிறது என்று பார்க்க வேண்டும். ஆசிரியரின் புரோகிராமைப் பத்துத் தடவை பார்த்து எழுதினால் தட்டச்சுதான் வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். "கொடுத்த எண்களில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி." கணினியைத் தொடாதீர்கள். காகிதத்தில் 7, 3, 9, 4, 8 என்று எழுதுங்கள். விடை 8 என்று உங்கள் கண் உடனே சொல்லிவிடும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது: கண் ஐந்து எண்களையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது, கணினியால் அது முடியாது. ஆகவே எண்களை ஐந்து துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றாகத் திருப்புங்கள், பார்த்ததும் மறுபடி கவிழ்த்துவிடுங்கள். விடை சொல்ல எதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது? இதுவரை பார்த்ததில் பெரியது, அதற்கு அடுத்தது, இந்த இரண்டு மட்டும்தான். அவைதாம் உங்கள் வேரியபிள்கள், அதாவது மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடங்கள். அவற்றுக்கு 'பெரியது', 'அடுத்தது' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு சீட்டு 7, 3. பெரியது 7, அடுத்தது 3. மூன்றாவது சீட்டு 9. இது பெரியதைவிடப் பெரிது. பழைய 7 என்ன ஆகும்? அடுத்த இடத்துக்கு இறங்கும். எனவே முதலில் 'அடுத்தது' 7 ஆக வேண்டும், அதன் பிறகே 'பெரியது' 9 ஆக வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதினால் 7 அழிந்துபோய் இரண்டிலும் 9 உட்கார்ந்துவிடும். நான்காவது சீட்டு 4. 9-ஐவிடச் சிறிது, 7-ஐவிடவும் சிறிது, ஒன்றும் மாறாது. ஐந்தாவது சீட்டு 8. இது 9-ஐவிடச் சிறிது, ஆனால் 7-ஐவிடப் பெரிது. 'அடுத்தது' 8 ஆகிறது. இந்தக் கடைசி நிலையைத்தான் பெரும்பாலானவர்கள் எழுத மறக்கிறார்கள். "பெரியதைவிடப் பெரிதா?" என்ற ஒரே இஃப் (நிபந்தனை) மட்டும் வைத்து முடித்துவிடுவார்கள். அப்போது விடை 7 என்று வரும்.

இவ்வளவும் காகிதத்தில் முடிந்த பிறகு நீங்கள் செய்ததைச் சாதாரணத் தமிழில் ஐந்தாறு வரிகளாக எழுதுங்கள். அதை மொழிக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. திரை வெறுமையாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சி தெரியாதது அல்ல, கணக்கை நம் கையால் எப்படிச் செய்கிறோம் என்று கவனிக்காததுதான்.

ஓட்டிப் பார்க்கும்போது 7, 3, 9, 4, 8 மட்டும் போதாது. 9, 7, 3 என்று இறங்குவரிசையில் கொடுங்கள். -5, -2, -8 கொடுங்கள். இரண்டு வேரியபிளையும் 0 என்று தொடங்கியிருந்தால் விடை 0 என்று வந்து குட்டு வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் அந்தப் பட்டியலில் 0 இல்லவே இல்லை. 4, 9, 9 கொடுத்தால் மேலே சொன்ன முறை 9 என்று சொல்லும். விடை 9-ஆ, 4-ஆ என்பது கேள்வியில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். அது நல்ல கேள்வி, கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: பள்ளியில் கணிதத்தில் சுமார்தான். புரோகிராமிங் வருமா?
- வணிகவியல் மாணவர், விருப்பப் பாடமாக எடுத்தவர்

பதில்: முதல் பருவத்துக்கு நுண்கணிதம் தேவைப்படாது. வேண்டியவை கொஞ்சம்தான்: மீதி கண்டுபிடித்தல் (17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2), பெரிது சிறிது ஒப்பீடு, 2-இன் அடுக்குகள், 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' ஆகிய மூன்று சொற்களின் கறாரான பொருள். கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "வயது 18-க்கு மேலும் மதிப்பெண் 50-க்கு மேலும் இருக்க வேண்டும்" என்பதன் எதிர்மறை என்ன? "வயது 18 அல்லது அதற்குக் கீழ், அல்லது மதிப்பெண் 50 அல்லது அதற்குக் கீழ்." நடுவிலிருந்த 'மற்றும்' 'அல்லது' ஆக மாறுவதையும், 'மேல்' என்பது 'சமம் அல்லது கீழ்' ஆவதையும் கவனியுங்கள். இப்படிப் பத்து வாக்கியங்களை எதிர்மறையாக்கிப் பழகுங்கள், கணிதப் பயம் பாதி போய்விடும்.

கேள்வி: ஐம்பது வரி புரோகிராமுக்கு முப்பத்தேழு எர்ரர் வருகிறது. பார்த்ததும் கை நடுங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலாவதிலிருந்து, அதுவும் முதலாவதை மட்டும். சி கம்பைலர், அதாவது நாம் எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள், மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஓரிடத்தில் தடம் மாறிவிட்டால் அதற்குப் பிறகு சரியாக இருக்கும் வரிகளும் அதற்குப் பிழையாகத் தெரியும். முதல் எர்ரரைத் திருத்தி உடனே மறுபடி கம்பைல் செய்யுங்கள். முப்பத்தேழு பல சமயம் இரண்டாகிவிடும்.

எர்ரர் காட்டும் வரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 12-ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால், அது இல்லை என்பது 13-ஆம் வரியின் முதல் சொல்லைப் படிக்கும்போதுதான் கம்பைலருக்குத் தெரிகிறது. அதனால் பல கம்பைலர்கள் 13 என்று சொல்லும். காட்டிய வரி சரியாக இருந்தால் ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள். கோப்பின் கடைசி வரியைக் காட்டினால் எங்கோ ஒரு நெளிவு அடைப்பு மூடப்படாமல் கிடக்கிறது என்று பொருள்.

பைதானில் வழி நேரெதிர்: கடைசி வரியை முதலில் படியுங்கள். எர்ரரின் பெயர் அங்கேதான் இருக்கும். 'நேம் எர்ரர்' என்றால் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அந்த வேரியபிளுக்கு இன்னும் மதிப்பே கொடுக்கவில்லை. 'டைப் எர்ரர்' என்றால் எண்ணோடு எழுத்தைக் கூட்டுவது போன்ற பொருந்தாத வேலை. 'இண்டெக்ஸ் எர்ரர்' என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்கிறீர்கள். 'டேப் எர்ரர்' என்றால் ஒரே பிளாக்கில் சில வரிகளுக்கு டேப், சிலவற்றுக்கு ஸ்பேஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் இதைத் தேடித் தேடி அலுத்துப்போவார்கள். எடிட்டரில் டேப்பை நான்கு ஸ்பேஸாக மாற்றும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஐம்பது வரியை முழுதாக எழுதிவிட்டு அதன் பிறகு ஓட்டாதீர்கள். ஐந்து வரி எழுதியதும் ஓட்டுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால் பிழை இன்று எழுதிய ஐந்து வரியில் இருக்கிறது, அல்லது அவை தொட்ட இடத்தில் இருக்கிறது.

கேள்வி: மூன்று பாட மதிப்பெண்கள் 70, 75, 81. மொத்தம் 226, சராசரி 75.33 வர வேண்டும். என் சி புரோகிராம் 75.00 என்கிறது. சராசரியை ஃப்ளோட் (தசம எண் வகை) என்றுதான் அறிவித்திருக்கிறேன்.

பதில்: விடையை வைக்கும் பாத்திரம் ஃப்ளோட்தான், ஆனால் வகுத்தல் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மொத்தமும் முழு எண், 3-உம் முழு எண். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பிந்தையது வெட்டப்படும். 75 கிடைத்த பிறகு அதை ஃப்ளோட்டில் வைத்தால் 75.00 தான். 3 என்பதை 3.0 என்று எழுதுங்கள், சரியாகிவிடும். வகைமாற்றம் (மதிப்பை வேறு வகைக்கு மாற்றுவது) செய்வதானால் மொத்தத்துக்கு முன்னால் போடுங்கள். வகுத்தல் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு அதற்கு வெளியே வகைமாற்றினால் வெட்டுப்பட்ட 75-ஐத்தான் மாற்றுவீர்கள்.

பைதான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு தசமத்தோடு வகுக்கும், இரட்டைச் சாய்கோடு முழு எண்ணாக வகுக்கும். எதிர்மறை எண்ணில் கவனம் தேவை: -7-ஐ 2-ஆல் அப்படி வகுத்தால் பைதான் -4 என்கிறது, சி -3 என்கிறது. பைதான் கீழ்நோக்கி இறங்குகிறது, சி பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகிறது.

தசமம் என்றதும் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பைதானில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி பழுது அல்ல. பத்தடிமானத்தில் 1/3 முடிவில்லாமல் நீள்வதுபோல இரண்டடிமானத்தில் 0.1 முடிவில்லாமல் நீள்கிறது. ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும். எனவே தசம எண்களை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். இரண்டின் வித்தியாசம் 0.000001-ஐவிடச் சிறிதா என்று பாருங்கள்.

கேள்வி: பைதானில் 5, 7 என்று கொடுத்தேன். கூட்டினால் 57 என்கிறது.

பதில்: இன்புட் ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் சிறு புரோகிராம்) எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். வாங்கும் இடத்திலேயே, முழு எண்ணாக மாற்றும் இன்ட் என்பதால் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: சி-யில் முதலில் வயதையும் அடுத்து ஆம், இல்லை என்பதற்கு ஓர் எழுத்தையும் ஸ்கேன்எஃப் மூலம் வாங்குகிறேன். வயதைக் கொடுத்ததும் எழுத்துக்காக நிற்காமலே ஓடிவிடுகிறது. ஆனால் இரண்டு எண்களை வாங்கினால் ஒழுங்காக நிற்கிறது.

பதில்: நீங்கள் கடைசி வாக்கியத்தில் கவனித்திருப்பதுதான் விடைக்குச் சாவி. 19 என்று அடித்து என்டர் தட்டுகிறீர்கள். புரோகிராமுக்கு மூன்று எழுத்துகள் போய்ச் சேருகின்றன: 1, 9, என்டர். முழு எண்ணைப் படிக்கும் '%டி' 19-ஐ எடுத்துக்கொண்டு என்டரை வரிசையிலேயே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் '%சி' ஏதாவது ஓர் எழுத்து கிடைத்தால் போதும் என்று அந்த என்டரையே எடுத்துக்கொள்கிறது. '%டி' அப்படியில்லை, முன்னால் கிடக்கும் வெற்றிடம், என்டர் எல்லாவற்றையும் தாண்டிப்போய் எண்ணைத் தேடும். இரண்டு எண்கள் வாங்கும்போது தொல்லை வராததற்குக் காரணம் அதுதான்.

தீர்வு: மேற்கோள் குறிக்குள் '%சி'-க்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் விடுங்கள். கிடக்கும் வெற்றிடங்களைத் தாண்டச் சொல்லும் கட்டளை அது. உள்ளீட்டை ஃப்ளஷ் செய்யும், அதாவது மிச்சம் கிடப்பதைத் துடைக்கும் வழியைச் சிலர் சொல்லித்தருகிறார்கள். உள்ளீட்டுக்கு அது என்ன செய்யும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை, சில கணினிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது.

இதே வரிசையால் வரும் இன்னொரு தொல்லை: எண் கேட்கும் இடத்தில் யாராவது எழுத்தை அடித்தால் '%டி' அதைத் தொடாமல் விட்டுவிடும். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) வாங்கினால் அந்த எழுத்தே மறுபடி மறுபடி எதிர்ப்பட்டு லூப் முடிவில்லாமல் சுற்றும். எத்தனை மதிப்புகள் வெற்றிகரமாக வாங்கப்பட்டன என்பதை ஸ்கேன்எஃப் திருப்பித் தருகிறது. அது 1-ஆ என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரேயின் (ஒரே பெயரில் வரிசையாக வைத்த மதிப்புகள்) முதல் இடம் ஏன் 1 இல்லை, 0? இதனாலேயே என் லூப்புகள் எப்போதும் ஒன்று கூடவோ குறையவோ ஓடுகின்றன.

பதில்: சி-யில் அந்த எண் வரிசை எண் அல்ல, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்லும் எண். அரே 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வொரு முழு எண்ணும் 4 பைட் என்று வையுங்கள். 3 என்று கேட்டால் 1000 + 3 × 4 = 1012-க்குப் போகிறது. முதல் உறுப்பு தொடக்கத்திலேயே இருப்பதால் அதன் தள்ளல் 0. ஐந்து உறுப்புகள் என்றால் 0 முதல் 4 வரை. 5 என்று கேட்டால் சி தடுக்காது, பக்கத்தில் இருக்கும் யாருடைய இடத்தையோ தொடும். அந்தப் பிழை அங்கே தெரியாமல் இருபது வரி தள்ளி வேறொரு வேரியபிளின் மதிப்பு மாறியதாக வெளிப்படும்போதுதான் தலை சுற்றும்.

லூப் எத்தனை முறை ஓடும் என்பதற்கு ('என்' என்பது n என்ற எண்): 0-இல் தொடங்கி என்-ஐவிடச் சிறிது வரை என்றால் என் தடவை. 1-இல் தொடங்கி என் வரை, அதுவும் சேர்த்து என்றால் அதுவும் என் தடவை. 0-இல் தொடங்கி என்-ஐயும் சேர்த்தால் என் + 1 தடவை. முதல் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எப்போதும் அதையே எழுதுங்கள், கலக்காதீர்கள். பைதானில் ரேஞ்ச் 1, 10 என்றால் 9-உடன் நின்றுவிடும். 10-இலிருந்து இறங்க வேண்டுமானால் மூன்றாவதாக -1 கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் எர்ரரும் வராது, லூப் ஒரு தடவைகூட ஓடாது.

சந்தேகம் வந்தால் என்-க்கு 0, 1, 2 ஆகிய மூன்றை மட்டும் வைத்துக் கையால் ஓட்டுங்கள். ஒன்று கூடும் பிழை, ஒன்று குறையும் பிழை இரண்டும் இந்த மூன்றுக்குள்ளேயே மாட்டிவிடும்.

கேள்வி: 8-இன் ஃபேக்டோரியல் (1 முதல் 8 வரை எல்லாவற்றின் பெருக்கல்) வீட்டில் 40320 என்று சரியாக வருகிறது. ஆய்வகத்தில் அதே புரோகிராம் -25216 என்கிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை. ஆய்வகத்தில் இருப்பது டர்போ சி ஆக இருக்க வேண்டும். 1987-இல் வந்த கம்பைலர் அது, அதில் ஒரு முழு எண்ணுக்கு 2 பைட்தான் இடம். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. 40320 அதைத் தாண்டுவதால் கடிகார முள்போலச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகிறது: 40320-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், சரியாக -25216.

வீட்டுக் கம்பைலரில் 4 பைட் இருக்கும், எல்லை 2,14,74,83,647. அங்கேயும் 12-இன் ஃபேக்டோரியல் வரைதான் தாங்கும், அது 47,90,01,600. 13-க்கு உண்மையான விடை 6,22,70,20,800. திரையில் பெரும்பாலும் 1,93,20,53,504 என்று வரும். எதிர்மறையாக இல்லாததால் சரியென்று நம்பிவிடத் தோன்றும், அதனால் இது முன்னதைவிட ஆபத்தானது. 'லாங் லாங்' வகையைப் பயன்படுத்தினால் 20 வரை போகலாம். பைதானில் முழு எண்ணுக்கு இப்படி எல்லை கிடையாது, நினைவகம் தாங்கும் வரை நீளும்.

வீட்டில் ஓடி ஆய்வகத்தில் ஓடாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்', அதற்கான 'கோனியோ' தலைப்புக் கோப்பு. இவை சி தரநிலையைச் சேர்ந்தவை அல்ல, லினக்ஸில் உள்ள ஜிசிசி கம்பைலரில் கிடைக்காது. மற்றொன்று தொடக்க மதிப்பு கொடுக்காத வேரியபிள். 'மொத்தம்' என்று ஃபங்ஷனுக்குள் அறிவித்துவிட்டு 0 கொடுக்காமல் கூட்டத் தொடங்கினால், அந்த இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதோடு கூட்டும். வீட்டில் தற்செயலாக 0 கிடந்திருக்கும், ஆய்வகத்தில் கிடக்காது. ஜிசிசி-யில் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் விருப்பத்தை, அதாவது ஒரு கழித்தல் குறி, பெரிய டபிள்யூ, பிறகு ஏ, எல், எல், சேர்த்தே எப்போதும் கம்பைல் செய்யுங்கள். ஸ்கேன்எஃப்-இல் & குறி விட்டுப்போனதையும் அது பெரும்பாலும் சொல்லிவிடும். எச்சரிக்கை வந்தும் புரோகிராம் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: லூப் வரை நன்றாகப் போனது. ரிகர்ஷன் வந்ததும் நின்றுவிட்டேன். ஃபங்ஷன் தன்னையே எப்படி அழைக்கும்?
- இரண்டாவது முறை இப்பாடத்தை எடுப்பவர்

பதில்: "தன்னையே" என்ற சொல்தான் குழப்புகிறது. ஒரே ஃபங்ஷன் என்றாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிமுறை ஒன்றுதான், நிரப்பும் படிவங்கள் பல.

4-இன் ஃபேக்டோரியல் கேட்கிறோம். முதல் காகிதத்தில் "4 × (3-இன் விடை)" என்று எழுதி, அடைப்பு நிரம்பாததால் மேசையில் வைக்கிறோம். அதன்மேல் இரண்டாவது காகிதம்: "3 × (2-இன் விடை)". அதன்மேல் மூன்றாவது: "2 × (1-இன் விடை)". நான்காவது காகிதத்தில் 1 வந்துவிட்டது, இதற்கு யாரையும் கேட்க வேண்டாம், விடை 1. இப்போது மேலிருந்து எடுக்கிறோம்: 2 × 1 = 2, 3 × 2 = 6, 4 × 6 = 24. கடைசியாக வைத்தது முதலில் போகிறது. இந்தக் காகித அடுக்கைத்தான் ஸ்டாக் என்கிறார்கள். உண்மையிலேயே நான்கு காகிதங்களை எடுத்து ஒருமுறை செய்து பாருங்கள், வரைபடத்தைப் பார்ப்பதைவிட இது வேகமாக மனதில் ஏறும்.

எழுதும்போது முதலில் எழுத வேண்டியது நிற்கும் இடம். யாரையும் கேட்காமல் விடை தெரிந்த சின்னஞ்சிறு நிலை எது? அதை இஃப் போட்டு மேலே வையுங்கள். அடுத்து, ஒவ்வொரு அழைப்பும் அந்த நிலையை நோக்கி நெருங்குகிறதா என்று பாருங்கள். 1 வந்தால் நில் என்று மட்டும் எழுதிவிட்டு 0 கொடுத்தால் 0, -1, -2 என்று கீழே போய்க்கொண்டே இருக்கும், 1 வரவே வராது. பைதான் சுமார் 1000 ஆழத்தில் 'ரிகர்ஷன் எர்ரர்' என்று நிறுத்திவிடும். சி-யில் பெரும்பாலும் ஸ்டாக் நிரம்பிப் புரோகிராம் விழுந்துவிடும். "1 அல்லது அதற்குக் கீழ்" என்று நிபந்தனை வைத்தால் தப்பிக்கலாம்.

பைதானில் 'நன்-டைப்'போடு பெருக்க முடியாது என்று எர்ரர் வந்தால், ஏதோ ஒரு கிளையில் ரிட்டர்ன் எழுத மறந்திருக்கிறீர்கள். விடையை பிரின்ட் செய்வதும் ரிட்டர்ன் செய்வதும் ஒன்று என்று நினைப்பதால் வருவது இது. பிரின்ட் செய்தது திரைக்குப் போகிறது, கீழே காத்திருக்கும் காகிதத்துக்குப் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் ரிகர்ஷன் ஏற்றதல்ல. ஃபிபனாச்சி எண்ணை (முந்தைய இரண்டின் கூட்டல்) நேரடியாக அப்படி எழுதினால் 5-ஆவது எண்ணுக்கு 15 அழைப்புகள், 30-ஆவது எண்ணுக்கு 26,92,537 அழைப்புகள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. லூப் போட்டால் முப்பது சுற்றுக்குள் முடிகிற வேலை. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று பொருளே அடுக்கடுக்காக இருக்கும் இடங்களில் ரிகர்ஷன் இயல்பாகப் பொருந்தும். அங்கே லூப்பால் எழுதிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

கேள்வி: மகளுக்கு இந்தப் பாடத்துக்காக விலை உயர்ந்த லேப்டாப் வாங்க வேண்டுமா?
- ஒரு தந்தை

பதில்: வேண்டாம். முதல் பருவ புரோகிராம்கள் எந்தக் கணினிக்கும் சுமையே அல்ல. 8 ஜிபி நினைவகம் தாராளம், தனி கிராஃபிக்ஸ் கார்டு எதற்கும் பயன்படாது. விசைப்பலகை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பயிற்சிக் கணக்குகளை ஏஐ செயலியிடம் கேட்டால் நொடியில் தருகிறது. நண்பர்களும் தருகிறார்கள். வேரியபிள் பெயரை மாற்றிக் கொடுத்தால் தெரியாது என்கிறார்கள். இதில் என்ன தவறு?

பதில்: பெயரை மாற்றினால் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1994-இல் உருவான 'மாஸ்' போன்ற ஒப்பீட்டுக் கருவிகள் பெயர்களையும் இடைவெளிகளையும் கணக்கில் எடுக்காமல் புரோகிராமின் அமைப்பை ஒப்பிடுகின்றன. ஆனால் பிடிபடுவது சிறிய கவலை. பயிற்சிக் கணக்கின் விடை யாருக்கும் தேவையில்லை. இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் உலகில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதைத் தேடி நீங்கள் தடுமாறும் நாற்பது நிமிடத்துக்காகத்தான் அந்தக் கணக்கைக் கொடுக்கிறார்கள். நாற்பது நிமிடத்தையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், ஆறாவது வாரத்தில் அரேயும் ஃபங்ஷனும் சேர்ந்து வரும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

உங்கள் கல்லூரி விதி அனுமதித்தால் ஏஐ-யை இப்படிப் பயன்படுத்துங்கள். எர்ரர் செய்தியை ஒட்டி "இதன் பொருள் என்ன, திருத்தம் சொல்லாதே" என்று கேளுங்கள். நீங்கள் எழுதி முடித்ததைக் கொடுத்து "எந்த உள்ளீட்டுக்கு இது தவறான விடை தரும்?" என்று கேளுங்கள். சொல்லும் விடையை ஓட்டிச் சரிபாருங்கள், அது நம்பிக்கையோடு தவறாகச் சொல்வதும் உண்டு. நண்பரிடம் கேட்பதானால் திரையை மூடிவிட்டு வாயால் விளக்கச் சொல்லுங்கள், புரிந்ததை உங்கள் இடத்துக்கு வந்து நீங்களே எழுதுங்கள்.

எங்காவது ஒரு விடையைப் பார்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பார்த்துவிட்டு மூடுங்கள். மறுநாள் வெற்றுத் திரையில் அதை எழுதுங்கள். வரவில்லையென்றால் நேற்று புரிந்ததாக நினைத்தது புரியவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும், தேர்வறைக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.

கேள்வி: எங்கள் தேர்வு காகிதத்தில். கம்பைலர் இல்லாமல் எப்படி எழுதுவது? "இதன் வெளியீடு என்ன?" என்ற கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது.

பதில்: இந்தக் கேள்விகளை மனக்கணக்காகச் செய்யாதீர்கள். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி, வெளியீட்டுக்குத் தனியாக ஒரு பத்தி. ஒரு வரி ஓடியதும் எந்த மதிப்பு மாறியதோ அதை மட்டும் அடுத்த வரிசையில் எழுதுங்கள். பழையதை அழிக்காமல் ஒரு கோடு அடியுங்கள், பின்னால் சரிபார்க்க வேண்டியிருக்கும். 'மொத்தம்' 0-இல் தொடங்கி, 'ஐ' 1 முதல் 5 வரை போகிறது, இரட்டைப்படை என்றால் கன்டினியூ (அடுத்த சுற்றுக்குத் தாவு), இல்லையென்றால் மொத்தத்தோடு கூட்டு: கட்டத்தில் மொத்தம் 0, 1, 4, 9 என்று இறங்கும். இது மிக எளிது, மனத்திலேயே போடலாம் என்று தோன்றும் கணக்குகளில்தான் கை தவறுகிறது.

கேள்வித்தாளில் வைக்கப்படும் பொறிகள் சில திரும்பத் திரும்ப வரும். ஃபார் வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் லூப் சும்மா சுற்றி முடிந்துவிடும், கீழே உள்ள பிரின்ட்எஃப் ஒரே ஒரு தடவைதான் ஓடும். 'ஐ' 0-இலிருந்து 5-ஐவிடச் சிறிதாக இருக்கும்வரை என்றால் அச்சாவது 5. அதேபோல இஃப்-க்குள் ஒற்றைச் சமக்குறி. அது ஒப்பிடாது, மதிப்பை மாற்றிவிடும். மாற்றிய மதிப்பு 0 இல்லையென்றால் நிபந்தனை உண்மை. ஸ்விட்ச்-இல் ஒரு கேஸ் முடிவில் பிரேக் இல்லையென்றால் அடுத்த கேஸும் சேர்ந்து ஓடும். சி-யில் "5 < 3 < 2" என்று எழுதினால் முதலில் 5 < 3 தவறு, அதாவது 0. பிறகு 0 < 2, அது உண்மை. பைதானில் இதே வரி தவறு என்று வரும், ஏனென்றால் அது இரண்டு ஒப்பீடுகளையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

ஒரே வரியில் ஒரே வேரியபிளை இரண்டு மூன்று தடவை ++ (1 கூட்டும் குறி) போட்டு வெளியீடு கேட்கும் கேள்விகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறோம்: அவற்றின் விடையை சி தரநிலை வரையறுக்கவே இல்லை. கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். உங்கள் ஆசிரியர் எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் அதில் ஒரு மாலைகூடச் செலவிட வேண்டாம்.

புரோகிராம் எழுதும் கேள்விக்கு, பாதிப் பக்கத்தில் படிகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டுத் தொடங்குங்கள். நெளிவு அடைப்பைத் திறந்ததும் மூடும் அடைப்பையும் கீழே இடம்விட்டு எழுதிவிடுங்கள், உள்ளே இருப்பதைப் பிறகு நிரப்பலாம். பைதான் என்றால் உள்தள்ளல் தெரியும்படி ஓரக்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் மூன்று எண்களை வைத்து உங்கள் விடையையே கட்டம் போட்டு ஓட்டுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டிலும் இதையே செய்யலாம்: காகிதத்தில் எழுதி, வெளியீட்டையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் கணினியில் அடித்து ஓட்டுங்கள். எத்தனை எர்ரர், என்ன எர்ரர் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நான்காவது, ஐந்தாவது புரோகிராமுக்குள் ஒரே பிழைகள் திரும்ப வருவது தெரியும். அந்த நான்கைந்து பிழைகளின் பட்டியலை மனதில் கொண்டு தேர்வறைக்குப் போங்கள், விடைத்தாளைக் கொடுக்கும் முன் அவற்றை மட்டும் தேடிப் பாருங்கள்.